மேலடுக்கு, கீழடுக்கு

பைசாந்தியப் பேரரசில் வாழ்ந்தவர்களுக்கு, தாங்கள் பைசாந்தியப் பேரரசில் வாழ்கிறோம் என்பது கடைசிவரை தெரியாது. அவர்கள் ரோமானியர்கள். பேசியது கிரேக்கம், கும்பிட்டது கிறிஸ்துவை, இத்தாலியில் இருந்த பழைய ரோம் கைவிட்டுப் போய்ப் பல தலைமுறை ஆகியிருந்தது. இருந்தாலும் ரோமானியர்கள்தான். அரசர் ‘ரோமானியர்களின் அரசர்’, சட்டம் ரோமானியச் சட்டம். 1453-இல் கான்ஸ்டான்டினோபிள் ஒட்டோமான்களிடம் வீழ்ந்து நூறு வருடம் கழித்து, 1557-இல், ஜெர்மனியைச் சேர்ந்த ஹியரோனிமஸ் வுல்ஃப் என்ற அறிஞர் அந்தக் காலத்து வரலாற்று நூல்களைத் தொகுத்துப் பதிப்பித்தார். தொகுப்புக்கு ‘பைசாந்திய’ என்று அடைமொழி கொடுத்தார். கான்ஸ்டான்டினோபிள் கட்டப்படுவதற்கு முன் அதே இடத்தில் இருந்த கிரேக்க ஊரின் பெயர் அது. மெதுவாக அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு பேரரசு செத்த பிறகு அதற்கு நடந்த பெயர்சூட்டு விழா என்று வைத்துக்கொள்ளலாம்.

லெம்னோஸ் என்ற சிறிய தீவு 1912 வரை ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது. அந்த வருடம் கிரேக்கப் படை வந்து இறங்கியபோது ஊர்ச் சிறுவர்கள் வேடிக்கை பார்க்க ஓடினார்கள். என்ன பார்க்கிறீர்கள் என்று ஒரு சிப்பாய் கேட்டார். ‘ஹெலனியர்களைப் பார்க்கிறோம்.’ ஹெலனியர் என்றால் கிரேக்கர். ‘அப்போ நீங்கள் ஹெலனியர் இல்லையா?’ ‘இல்லை, நாங்கள் ரோமானியர்.’ அந்தத் தீவில் பிறந்து, பின்னால் அமெரிக்காவில் பைசாந்திய வரலாற்றுப் பேராசிரியராக இருந்த பீட்டர் கரானிஸ் சொன்ன கதை இது. அவருக்கு அப்போது நான்கு வயதிருக்கலாம். கடைசி ரோமானிய அரசர் இறந்து 459 வருடம் கழிந்திருந்தது. அந்தச் சிறுவர்களுக்கு அந்தத் தகவல் இன்னும் வந்து சேரவில்லை.

இந்தப் பெயர்ச் சிக்கலைத் தெரிந்துகொண்டு போனால் ஏதென்ஸின் பைசாந்திய, கிறிஸ்தவ அருங்காட்சியகம் வேறு மாதிரி தெரியும். ஏதென்ஸுக்கு வருகிறவர்கள் அக்ரோபோலிஸ் பார்ப்பார்கள், கீழே அதன் மியூசியம் பார்ப்பார்கள், மறுநாள் தீவுக்குக் கப்பல் ஏறிவிடுவார்கள். பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் தொடங்கும் வஸிலிஸிஸ் சோஃபியாஸ் சாலையில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் வரும் இந்த இடத்தில் நான் போன மதியம் கூட்டமே இல்லை. முன்னால் ஒரு முற்றமும், வில்லா இலிசியா என்ற பழைய மாளிகையும் இருக்கின்றன. நிரந்தரக் காட்சி பெரும்பாலும் முற்றத்துக்கு அடியில் இருக்கிறது. படிப்படியாகக் கீழே இறங்கிக்கொண்டே போக வேண்டும்.

மாளிகையின் கதையே போதுமான அளவுக்கு வேடிக்கையானது. 1840-களில் ப்ளெசான்ஸ் சீமாட்டி என்ற பிரெஞ்சுப் பிரபு குடும்பத்துப் பெண்மணிக்காகக் கட்டப்பட்டது. கட்டியவர் ஸ்தமாதிஸ் க்ளேயந்திஸ் என்றே பொதுவாகச் சொல்கிறார்கள். இதே க்ளேயந்திஸ்தான் எட்வர்ட் ஷௌபர்ட் என்ற ஜெர்மானியரோடு சேர்ந்து, கிரேக்கம் விடுதலை பெற்றதும், 1833-இல் புதிய ஏதென்ஸுக்கான நகரத் திட்டத்தைப் போட்டவர். அந்தத் திட்டத்தின் கனவு பண்டைய ஏதென்ஸ். பெரிக்ளிஸின் ஊரைப் பூமிக்கடியிலிருந்து வெளியே எடுக்க வேண்டும், புதிய தெருக்கள் அதைப் பார்த்தபடி போக வேண்டும். இடையில் வந்த ஆயிரத்து ஐநூறு வருடம்? அது வழியில் நின்றது.

வழியில் நின்றதை இடித்தார்கள். சிறிய, செங்கல்லும் கல்லும் கலந்து கட்டிய பழைய தேவாலயங்கள் வரிசையாகப் போயின. 1842-இல் தொடங்கி இருபது வருடம் கட்டப்பட்ட ஏதென்ஸ் பேராலயத்தின் சுவர்களில் இருக்கும் கற்களில் பல, அப்படி இடிக்கப்பட்ட தேவாலயங்களின் கற்கள். எர்மு கடைத்தெருவின் நட்டநடுவில் நிற்கும் கப்னிகாரேயா என்ற 11-ஆம் நூற்றாண்டுத் தேவாலயமும் திட்டப்படி இடிந்திருக்க வேண்டியது. கிரேக்கத்தின் முதல் அரசர் ஓட்டோவின் தந்தை, பவேரிய அரசர் லுட்விக், தலையிட்டுக் காப்பாற்றினார் என்பார்கள். அக்ரோபோலிஸ் வாசலில் ஃபிராங்கியர் கட்டிய இடைக்காலக் கோபுரம் ஒன்று நின்றது. 1875-இல் அதையும் இடித்துவிட்டார்கள், செலவை ஏற்றவர் டிராயைத் தோண்டிய ஹைன்ரிஷ் ஷ்லீமன். பார்த்தினான் கிட்டத்தட்ட ஒன்பது நூற்றாண்டுகள் மரியாளின் கோயிலாக இருந்தது என்பது இன்று அங்கே போகிற எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த அடுக்கை அவ்வளவு சுத்தமாகச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். அதில் மிஞ்சியதைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் இந்த மியூசியத்துக்குத்தான் இறங்கி வர வேண்டும்.

இதற்கு வெறும் அழகியல் காரணம் மட்டும் இல்லை. ஐரோப்பா கிரேக்க விடுதலைக்குக் கைகொடுத்ததே சாக்ரடீஸின் பேரப்பிள்ளைகள் என்று நினைத்துத்தான். தாடி வைத்த துறவிகளும் புகை படிந்த படங்களும் அந்தக் கதைக்குள் பொருந்தவில்லை. 1830-இல் ஃபால்மெராயர் என்ற ஜெர்மானியர், இப்போதிருக்கும் கிரேக்கர்களின் உடம்பில் பழைய கிரேக்க ரத்தம் ஒரு துளிகூட இல்லை, எல்லாம் ஸ்லாவியரும் அல்பேனியரும்தான் என்று எழுதினார். அவருக்குப் பதில் சொல்லப் போய்த்தான் கிரேக்கர்களுக்குப் பைசாந்தியம் தேவைப்பட்டது. பண்டைய காலத்துக்கும் இன்றைக்கும் நடுவே அறுந்து கிடந்த சங்கிலியின் கண்ணியாகக் கான்ஸ்டான்டின் பபாரிகோபுலோஸ் அதைத் தன் பல தொகுதி வரலாற்றில் வைத்தார். அதற்கும் பல வருடம் கழித்து, 1914-இல்தான், அரசாங்கம் இப்படி ஒரு மியூசியத்துக்குச் சட்டம் போட்டது. 1930-இல் இந்த மாளிகைக்கு வந்தது. பண்டைய ஏதென்ஸை மீட்கத் திட்டம் போட்டவர் கட்டிய வீட்டில் பைசாந்தியம் குடியேறியது இப்படித்தான்.

உள்ளே முதலில் நிற்க வைப்பது ஆர்ஃபியூஸ். ஒரு மேசையின் தாங்குகாலாகச் செதுக்கிய 4-ஆம் நூற்றாண்டுப் பளிங்கு. யாழ் மீட்டுகிறான், சுற்றிலும் மிருகங்கள் மெய்மறந்து கேட்கின்றன. கிரேக்கத் தொன்மக் கதையின் பாடகனுக்குக் கிறிஸ்தவ மியூசியத்தில் என்ன வேலை? ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களுக்குக் கிறிஸ்துவை எப்படி வரைவது என்று தெரியாது, மாதிரி எதுவும் இல்லை. கையில் இருந்த உருவங்களை எடுத்துக்கொண்டார்கள். ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமக்கும் மேய்ப்பன், விலங்குகளை இசையால் அடக்கும் பாடகன். பழைய மதம் ஒருநாள் முடிந்து மறுநாள் புதியது தொடங்கியது என்கிற நம் பாடப்புத்தக நினைப்பை இந்தக் கல் அமைதியாகக் கெடுத்துவிடுகிறது.

கொஞ்சம் தள்ளி மிட்டிலினிப் புதையல். லெஸ்போஸ் தீவில் 1951-இல் கிடைத்தது. வெள்ளிப் பாத்திரங்கள், தங்க நகைகள், தங்கக் காசுகள். காசுகள் ஃபோகாஸ், ஹெராக்ளியஸ் என்ற அரசர்களுடையவை, அதாவது 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். பாரசீகப் படையெடுப்பு, ஸ்லாவியர் வருகை என்று பேரரசு நாலாபக்கமும் ஆடிக்கொண்டிருந்த காலம். யாரோ வீட்டிலிருந்த எல்லாவற்றையும் புதைத்துவிட்டுத் திரும்பி வரவில்லை. புதையல் என்றாலே அதுதானே அர்த்தம், திரும்பி வந்திருந்தால் நமக்குக் கிடைத்திருக்காது.

அந்தத் தங்கக் காசில் நமக்கும் ஒரு சின்னத் தொடர்பு இருக்கிறது. கிரேக்கத்தில் நோமிஸ்மா, லத்தீனில் சொலிடஸ். சுமார் நாலரை கிராம். 4-ஆம் நூற்றாண்டில் முதலாம் கான்ஸ்டன்டைன் கொண்டுவந்த அதன் எடையும் மாற்றும் 11-ஆம் நூற்றாண்டு வரை பெரிதாகக் குறையவே இல்லை. 6-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த காஸ்மாஸ் என்ற வணிகர் ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார். சோபட்ரோஸ் என்ற வணிகர் இலங்கை போகிறார். அரசவையில் ஒரு பாரசீகரும் இருக்கிறார். உங்கள் இரண்டு அரசர்களில் யார் பெரியவர் என்று இலங்கை மன்னர் கேட்க, பாரசீகர் நீட்டி முழக்கித் தன் அரசரைப் புகழ்கிறார். சோபட்ரோஸ், ‘இரண்டு அரசர்களும் இங்கேயே இருக்கிறார்களே, நீங்களே பாருங்கள்’ என்று காசுகளைக் கேட்டு வாங்கிக் காட்டுகிறார். ஒன்று தங்க நோமிஸ்மா, மற்றது பாரசீக வெள்ளி. மன்னர் ரோமானியர்களைப் புகழ்ந்து சோபட்ரோஸை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டாராம். ரோமானிய வணிகர் தன் பெருமையைத் தானே அளந்த கதை, பாதியைத் தள்ளிவிடலாம். ஆனால் அந்தக் காலத்து ரோமானியச் செப்புக்காசுகள் இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருப்பது உண்மை. இலங்கை அரசவைவரை போன கதையிலும் அவர்கள் பெயர் ரோமானியர்தான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

எனக்கு இந்த மியூசியத்தில் அசைய முடியாமல் நின்ற இடம் எபிஸ்கோபி. மத்திய கிரேக்கத்தின் எவ்ரிதானியா மலைப்பகுதியில் இருந்த தேவாலயத்தின் பெயர் அது. 1960-களில் அகெலோஸ் ஆற்றில் கிரெமஸ்தா அணை கட்டினார்கள். அணை நிரம்பினால் தேவாலயம் மூழ்கும். கட்டடத்தைக் காப்பாற்ற முடியாது, சுவரோவியங்களையாவது எடுத்துவிடலாம் என்று கிளம்பினார்கள். சுவரோவியத்தை எப்படி எடுப்பது? ஓவியத்தின் முகத்தில் பசை தடவித் துணியை ஒட்டி உலர விட வேண்டும். பின்னாலிருந்து காரைப் பூச்சை மெதுவாக அறுத்துப் பிரித்தால் ஓவியம் தோல் மாதிரி துணியோடு வந்துவிடும். பிறகு அதை வேறொரு தாங்கியில் ஒட்டி, முன்பக்கத் துணியைக் கரைத்து எடுத்துவிட வேண்டும். ஒரு சிறிய நடுக்கம் போதும், ஒரு புனிதரின் முகம் தூளாகிவிடும்.

பிரித்தபோது உள்ளே இன்னொரு ஓவியம் இருந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று. மேலே 13-ஆம் நூற்றாண்டு, கீழே போகப்போக முந்தைய நூற்றாண்டுகள். ஊர்க்காரர்கள் சுவர் மங்கியதும் புதுப் பூச்சுப் பூசிப் புது ஓவியம் வரைந்திருக்கிறார்கள், அதுவும் மங்கியதும் மறுபடியும். கீழே இருப்பது ‘பாரம்பரியம்’ என்று யாரும் தயங்கவில்லை. கோயில் பயன்பாட்டில் இருந்தது, அவ்வளவுதான். மூன்று அடுக்குகளையும் தனித்தனியாகப் பிரித்து இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். கோயில் நின்றிருந்தால் நாம் மேலடுக்கை மட்டும் பார்த்திருப்போம். அது மூழ்கப்போனதால்தான் மூன்றும் கிடைத்தன. இதில் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. பல வருடம் பலர் எழுதிய பழைய புரோகிராம்களைத் திறந்து பார்க்கும் வேலை செய்கிறவன் என்பதால் ஒன்று தோன்றியது: அடுக்குகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருக்கும்போது எதையும் தனியாகப் பார்க்க முடியாது. தனியாகப் பார்க்க முடிகிறதென்றால் அது ஓடுவது நின்றுவிட்டது என்று அர்த்தம்.

பலகையில் வரைந்த படங்களிலும் இதே கதைதான். இருபுறமும் வரைந்த ஐகான் ஒன்று இங்கே இருக்கிறது. ஒரு பக்கம் சிலுவையில் கிறிஸ்து. அதில் 9-ஆம் நூற்றாண்டில் தொடங்கி 13 வரை ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்திருக்கிறார்கள். திருப்பினால் 16-ஆம் நூற்றாண்டு மரியாள். ஒரே பலகைக்கு எழுநூறு வருட வேலை.

ஐகான் என்ற சொல்லை நாம் தினமும் ஃபோனில் தொட்டுக்கொண்டிருக்கிறோம். கிரேக்க மூலச்சொல்லுக்கு உருவம், சாயல் என்று பொருள். அதற்காக இந்தப் பேரரசு நூறு வருடத்துக்கு மேல் அடித்துக்கொண்டது. 8-ஆம் நூற்றாண்டில் அரசர்களே உருவங்களை ஒழிக்கச் சொன்னார்கள். 787-இல் நிகேயா சங்கம் உருவங்களை மீட்டது, 815-இல் மறுபடி தடை, 843-இல்தான் முடிவாகத் தீர்ந்தது. தீர்ந்த விதம் முக்கியம். வழிபாடு கடவுளுக்கு மட்டும். உருவத்துக்கு உரியது வணக்கம். அந்த வணக்கம் உருவத்தில் தங்காது, அது யாருடைய உருவமோ அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் முத்தமிடலாம், விளக்கேற்றலாம், தூபம் காட்டலாம். காட்ட வேண்டும் என்பதே முடிவு.

ஆக ஐகான் பார்ப்பதற்கான பொருளே இல்லை. தொடுவதற்கானது. விளக்கெண்ணெய்ப் புகையும் உதடுகளும் பட்டுப்பட்டு, மேலே பூசிய வார்னிஷ் ஒன்றிரண்டு தலைமுறையில் கருத்துவிடும். கருத்ததும் மேலே புதிதாக வரைவார்கள். சில படங்களுக்கு முகம் மட்டும் தெரியும்படி வெள்ளித் தகடு போர்த்தியிருப்பார்கள். மியூசியத்தில் இதெல்லாம் ‘பாதிப்பு’. புகையைத் துடைத்து, மேல்வரைவை நீக்கி, ஒரே அளவு ஈரப்பதமுள்ள காற்றில், கண்ணாடிக்குப் பின்னால் வைக்கிறார்கள். நான் அங்கே இருந்த நேரத்தில் வயதான ஒரு பெண்மணி மட்டும் ஒரு மரியாளின் முன் நின்று சிலுவைக் குறி போட்டுக்கொண்டு நகர்ந்தார். காவலர் வேறு பக்கம் பார்த்தார்.

(இதில் மாயமந்திரம் மட்டும் இருந்தது என்று நினைக்க வேண்டாம். 1499-இல் வெனிஸ் ஆட்சியிலிருந்த கிரீட் தீவில் ஒரு ஒப்பந்தம்: இரண்டு வியாபாரிகள் மூன்று ஓவியர்களிடம் 700 மரியாள் படங்கள் கேட்கிறார்கள், 500 லத்தீன் பாணியில், 200 கிரேக்க பாணியில். கெடு 45 நாள். எங்கள் தொழிலில் இதைவிட நியாயமான கெடுக்களைப் பார்த்ததில்லை.)

சரி, இந்தப் படங்கள் இங்கே எப்படி வந்தன? கணிசமானவை 1922-23-இல் அகதிகளோடு வந்தவை. முதல் உலகப் போருக்குப் பிறகு கிரேக்கப் படை சின்ன ஆசியாவுக்குள் போய், 1922-இல் தோற்றுத் திரும்பியது. கூடவே மக்கள் கடலோரத்துக்கு ஓடிவந்தார்கள். 1923 ஜனவரியில் லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சுமார் 12 லட்சம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு, மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் துருக்கிக்கு. யார் எந்தப் பக்கம் என்று பிரித்தது மதம் மட்டும்தான். வீட்டில் துருக்கி மொழி பேசி, அதைக் கிரேக்க எழுத்தில் எழுதிய கரமன்லிக் கிறிஸ்தவர்கள் ‘தாய்நாட்டுக்கு’ அனுப்பப்பட்டார்கள், அங்கே யாரோடும் பேச முடியவில்லை. கிரேக்கம் மட்டும் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக் கரையில் இறங்கி அதே மாதிரி விழித்தார்கள். ஒட்டோமான் ஆட்சியில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் பெயர் ‘ரூம்’, அதாவது ரோமானியர். லெம்னோஸ் சிறுவர்கள் சொன்ன அதே பெயர். கப்பலில் ஏறும்போது ரோமானியர், இறங்கும்போது கிரேக்கர். இரண்டு அடுக்குகளைக் கத்தி வைத்துப் பிரித்த மாதிரிதான்.

அவர்கள் ஊர்க் கோயில்களிலிருந்து எடுக்க முடிந்ததை எடுத்து வந்தார்கள். படங்கள், சிலுவைகள், பூவேலை செய்த துணிகள், புத்தகங்கள். சில புதிய அகதிக் குடியிருப்புகளின் கோயில்களுக்குப் போயின, சில இங்கும் பெனாகி மியூசியத்துக்கும் வந்தன. மர்மரா கடலோரத்தில் திரிக்லியா என்ற ஊர். அங்கிருந்து வந்த மரியாள் ஒன்று இங்கே இருக்கிறது. வரைந்தது அல்ல, நுண்ணிய கற்சில்லுகள் பதித்த மொசைக், 13-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. குழந்தையின் கன்னம் தாயின் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறது, அவள் பார்வை நம்மைத் தாண்டி எங்கோ போகிறது. மேலே ‘எபிஸ்கெப்ஸிஸ்’ என்று எழுதியிருக்கிறது. வந்து பார்த்துக் காப்பவள் என்பது போன்ற பொருள். திரிக்லியாக்காரர்களில் பலர் ஏதென்ஸுக்குக் கிழக்கே கடலோரத்தில் ரஃபினா என்ற இடத்தில் குடியேறினார்கள். இன்று தீவுகளுக்குக் கப்பல் பிடிக்கும் துறைமுகம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒரு மணி நேரப் பயணத்தில் வந்து இவளைப் பார்க்கலாம், டிக்கெட் எடுத்து.

இவளை மியூசியம் வைத்திருப்பது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு கிராமக் கோயிலில் இருந்திருந்தால் மெழுகுவர்த்திப் புகையில் கற்சில்லுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்திருக்கலாம், ஒருநாள் திருடுபோயிருக்கலாம். ஆனால் பெயர்ப்பலகையில் நூற்றாண்டும் பாணியும் தெளிவாகத் தெரிந்த அளவுக்கு 1922 எனக்குத் தெரியவில்லை. பைசாந்தியம் 1453-இல் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால் இவள் ஒரு கலைப்பொருள். லெம்னோஸ் சிறுவர்கள் சொன்னதை நம்பினால், அது முடிந்தது கப்பல் ஏறிய அந்த நாட்களில், அப்போது இவள் ஒரு சாட்சி. நான் இரண்டாவதை நம்புகிறேன்.

அதே 1922-இல் அய்வலிக் என்ற ஊரிலிருந்து ஃபோட்டிஸ் கொந்தோக்ளு என்ற இளைஞரும் அகதியாக வந்தார். ஊர் லெஸ்போஸ் தீவுக்கு நேர் எதிர்க்கரை. பாரிஸில் இருந்துவிட்டு வந்தவர், ஓவியர், எழுத்தாளர். கொஞ்ச நாளில் ஆதோஸ் மலைத் துறவிகளின் மடங்களுக்குப் போய் அங்கிருந்த சுவர்களில் மனதைக் கொடுத்துவிட்டார். 1930-களில் இந்த மியூசியத்தில் பழைய படங்களைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தார். ஆயிரம் வருடம் முந்தைய ஓவியர் முதலில் இருண்ட நிறத்தைப் பூசி அதன்மேல் வெளிச்சத்தை எப்படி ஏற்றினார் என்பதைப் பஞ்சும் கரைப்பானும் வைத்து, அடுக்கடுக்காகப் பின்னோக்கிப் போய்க் கற்றுக்கொண்டார் என்றே நான் கற்பனை செய்துகொள்கிறேன். அந்த நேரத்தில் கிரேக்கத் தேவாலயங்களில் புதிதாக வரைந்ததெல்லாம் ஜெர்மானிய பாணியில், ரோஜாக் கன்னமும் நீலக்கண்ணுமான மேற்கத்திய இயேசு. கொந்தோக்ளு அதைக் கடுமையாக எதிர்த்தார், பிடிவாதக்காரர், மேற்கைப் பற்றி எழுதும்போது நியாயம் பார்க்க மாட்டார். ஆனால் இன்று கிரேக்கத்தில் ஒரு புதிய கோயில் கட்டினால் உள்ளே ‘பைசாந்திய’ முகங்களை வரைகிறார்கள் என்றால் அதற்கு முதல் காரணம் அவர்தான்.

எர்மு தெருவில் துணிக்கடைகளுக்கு நடுவே கப்னிகாரேயாவுக்குள் நுழைந்து பார்க்கலாம், கட்டணம் இல்லை. வெளியே 11-ஆம் நூற்றாண்டுச் செங்கல். உள்ளே குவிமாடத்திலும் சுவர்களிலும் கருத்த கண்களோடு புனிதர்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் ‘ஆயிரம் வருடம்’ என்று வியந்துகொண்டிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை 1940-களிலும் 50-களிலும் கொந்தோக்ளுவும் அவருடைய மாணவர்களும் வரைந்தவை. சுவர்கள் அதற்குள் புகையேறிக் கருக்கத் தொடங்கிவிட்டன. வாசலில் மணல் தட்டில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன, ஒரு பெண் கையில் ஷாப்பிங் பையோடு வந்து ஒரு படத்தை முத்தமிட்டுவிட்டு வேகமாக வெளியே போனாள்.